வி.ஏ. கிளெய்ம் மறுக்கப்பட்டால்: மேல்முறையீடு செய்வது எப்படி, ரிமாண்ட் வந்தால் என்ன செய்வது

அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிவிட்டு வந்தவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள். 2009-இல் தொடங்கிய மேவ்னி திட்டம், கிரீன் கார்டு இல்லாதவர்களையும் அவர்களுடைய மொழியறிவுக்காகப் படையில் சேர்த்துக்கொண்டது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்து படைக்குப் போன பிள்ளைகளும் உண்டு. முழங்கால் போய், முதுகு போய், காது மந்தமாகி, தூக்கம் கெட்டு வெளியே வந்தவர்கள் வெட்டரன்ஸ் அஃபேர்ஸ் துறையிடம், அதாவது வி.ஏ.விடம், டிஸெபிலிட்டி உதவித்தொகை கேட்கிறார்கள். மறுப்புக் கடிதம் வந்ததும் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. முதல் மறுப்பு என்பது பெரும்பாலும் கோப்பில் ஏதோ ஒரு துண்டு இல்லை என்பதற்கான அடையாளம்தான். அந்தத் துண்டு எது என்று கண்டுபிடித்துச் சேர்ப்பதுதான் மேல்முறையீட்டின் பெரும்பகுதி வேலை.

இந்த வழிகாட்டி அந்த வீரருக்கும், அவருக்காகக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருக்கும் மனைவி, கணவர், பெற்றோருக்கும்.

முதலில் கடிதத்தின் தேதி

கடிதத்தின் மேலே அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். அது உங்கள் கைக்கு வந்த நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அச்சிட்ட தேதியிலிருந்து ஓராண்டுக்குள் அடுத்த அடியை எடுத்து வைக்க வேண்டும். இதற்குப் பின்னால் பணம் இருக்கிறது. ஓர் உதாரணம்: ஒருவர் 2022 மார்ச்சில் கிளெய்ம் போட்டார், நவம்பரில் மறுத்துவிட்டார்கள். 2023 நவம்பருக்குள் அவர் மேல்முறையீடு செய்து, அதன் பிறகும் ஒவ்வொரு முடிவுக்கும் ஓராண்டுக்குள் பதில் நடவடிக்கை எடுத்துக்கொண்டே வந்தால், 2025-இல் கிளெய்ம் ஏற்கப்பட்டாலும் பொதுவாக 2022 மார்ச் தேதியை வைத்தே பழைய பாக்கியைக் கணக்கிடுவார்கள். அந்த ஓராண்டைத் தவறவிட்டுவிட்டு மறுபடி கேட்டால், கேட்ட நாளிலிருந்துதான் கணக்கு. இடைப்பட்ட ஆண்டுகளின் பணம் போனது போனதுதான்.

தேதிக்கு அடுத்தபடி, கடிதத்தில் வீரருக்குச் சாதகமாக ஒப்புக்கொண்ட விஷயங்கள் என்று ஒரு பகுதி இருக்கும். பலரும் இதைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். உதாரணமாக, "முழங்காலில் மூட்டுத் தேய்மானம் இருப்பது உறுதி" என்று அங்கே எழுதியிருந்தால், அப்பட்டமான தவறு என்று தெளிவான ஆதாரம் காட்டினால் ஒழிய, வி.ஏ.வில் வேறு யாரும் அதைப் பின்வாங்க முடியாது. அதை நீங்கள் மறுபடி நிரூபிக்க வேண்டியதில்லை.

அப்புறம், எது குறைகிறது என்று பாருங்கள். ராணுவப் பணியால் வந்த பாதிப்பு என்று ஏற்க வி.ஏ. பொதுவாக மூன்று விஷயங்களைத் தேடும். இப்போது மருத்துவர் உறுதி செய்த நோய் இருக்கிறதா, பணியில் இருந்தபோது காயமோ நோயோ சம்பவமோ நடந்ததா, இரண்டுக்கும் தொடர்பு உண்டா. மூன்றாவதை நெக்ஸஸ் என்பார்கள். அதிகமாக இடறும் இடமும் அதுதான். தொடர்பை நூற்றுக்கு நூறு நிரூபிக்கத் தேவையில்லை. "இருக்கலாம், இல்லாமலும் போகலாம், இரண்டுக்கும் சம வாய்ப்பு" என்ற அளவுக்கு வந்துவிட்டாலே சந்தேகத்தின் பலன் வீரருக்கு என்பது சட்டம். மருத்துவர் எழுதித் தரும் கருத்தில், குறைந்தது ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு என்ற பொருள் வர வேண்டும். அதற்கான காரணமும் வேண்டும். காரணம் சொல்லாத ஒரு வரிச் சான்றிதழுக்கு அங்கே மதிப்புக் குறைவு.

கோப்பை வாங்குங்கள், துணையைத் தேடுங்கள்

வி.ஏ. உங்களைப் பற்றி வைத்திருக்கும் முழுக் கோப்பை சி-ஃபைல் என்பார்கள். படிவம் 20-10206 மூலம் அதன் நகலைக் கேட்கலாம். வந்து சேர நாளாகும் என்பதால் இன்றே கேட்டு வைப்பது நல்லது. ஆனால் அது வரும் வரை காத்திருந்து ஓராண்டைக் கோட்டை விடாதீர்கள். கோப்பில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது சி அண்ட் பி பரிசோதனை அறிக்கை, அதாவது கிளெய்முக்காக வி.ஏ. ஏற்பாடு செய்யும் மருத்துவப் பரிசோதனையின் அறிக்கை. மறுப்புக்கான உண்மையான காரணம் பெரும்பாலும் அந்த மருத்துவர் எழுதிய நாலு வரிக்குள் இருக்கும்.

துணைக்கு ஆள் வேண்டும் என்றால், டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ., அமெரிக்கன் லீஜன் போன்ற அமைப்புகளில் வி.ஏ. அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாக உதவுகிறார்கள். பல கவுண்டிகளிலும் இதற்கென்றே அலுவலர் உண்டு. படிவம் 21-22 மூலம் அந்த அமைப்பை உங்கள் பிரதிநிதியாக நியமிக்கலாம். வழக்கறிஞரை வைத்துக்கொள்வதாக இருந்தால் படிவம் 21-22ஏ. முதல் முடிவு வருவதற்கு முன் கிளெய்ம் தயாரித்துக் கொடுப்பதற்காக யாரும் கட்டணம் வாங்கக் கூடாது. மேல்முறையீட்டில் வென்றால் பழைய பாக்கியில் 20 சதவீதம் வரையிலான கட்டணம் நியாயமானதாகக் கருதப்படும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் நியாயமற்றது என்று சட்டமே கருதுகிறது. "உங்கள் ரேட்டிங்கை (பாதிப்புக்கு வி.ஏ. தரும் சதவீதத்தை) உயர்த்தித் தருகிறோம், வரும் மாதத் தொகையில் இத்தனை மாதத்துடையதை எங்களுக்குக் கொடுங்கள்" என்று அழைப்பவர்களிடம், வி.ஏ. அங்கீகாரம் உண்டா என்று முதலில் கேளுங்கள். யாருக்கு அங்கீகாரம் உண்டு என்பதை வி.ஏ. இணையதளத்திலேயே பெயர் போட்டுத் தேடிப் பார்க்கலாம்.

மூன்று வழிகள்

2017-இல் சட்டமாகி 2019 பிப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்த புதிய முறையில் மூன்று வழிகள் உண்டு.

புதிய ஆதாரம் கையில் இருந்தால் சப்ளிமென்டல் கிளெய்ம், படிவம் 20-0995. ஆதாரம் புதிதாகவும் விஷயத்தோடு தொடர்புள்ளதாகவும் இருக்க வேண்டும். நெக்ஸஸ் கடிதம், முன்பு சேர்க்காத மருத்துவக் குறிப்புகள், கூடப் பணியாற்றியவரின் சாட்சியம் எல்லாம் இதில் வரும்.

ஆதாரமெல்லாம் ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது, அவர்கள் சரியாகப் படிக்கவில்லை என்றால் ஹையர்-லெவல் ரிவ்யூ, படிவம் 20-0996. மூத்த அலுவலர் ஒருவர் புதிதாகப் பார்ப்பார். புது ஆதாரம் எதையும் கொடுக்க முடியாது. ஆனால் அவரோடு ஒரு தடவை தொலைபேசியில் பேச அனுமதி கேட்கலாம். படிவத்தில் அந்தக் கட்டத்தில் குறி போடுங்கள். பேசும்போது வாழ்க்கைக் கதை வேண்டாம். எந்தத் தேதியிட்ட எந்த ஆவணத்தை அவர்கள் பார்க்கவில்லை என்று சொன்னால் போதும்.

இந்த இரண்டுக்கும் வி.ஏ. வைத்திருக்கும் இலக்கு சராசரி 125 நாள்.

மூன்றாவது, வாஷிங்டனில் இருக்கும் மேல்முறையீட்டு வாரியம், படிவம் 10182. அங்கே நீதிபதி ஒருவர் முடிவெடுப்பார். இதற்குள்ளும் மூன்று வரிசைகள். நேரடி வரிசையில் ஏற்கெனவே உள்ள கோப்பை மட்டும் பார்ப்பார்கள். இலக்கு 365 நாள். ஆதார வரிசையில் படிவத்தோடு, அல்லது அது வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்த 90 நாளுக்குள், புது ஆதாரம் தரலாம். விசாரணை வரிசையில் நீதிபதியிடம் நேரில் பேசலாம். வீட்டிலிருந்தபடியே வீடியோவிலும் பேச முடியும். பேசிய பிறகு ஆதாரம் அனுப்ப 90 நாள் அவகாசம். காத்திருப்பு அதிகம் என்பதால் விசாரணையை எல்லாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் சம்பவம் நடந்ததற்கு ஆவணம் எதுவும் இல்லாமல், வீரரின் வார்த்தையை நம்புவதா இல்லையா என்பதுதான் கேள்வி என்றால், நீதிபதி அவர் பேசுவதைக் கேட்பது மிகவும் உதவும். 75 வயதானவர்கள், கடும் நோயாளிகள், கடும் பணக் கஷ்டத்தில் இருப்பவர்கள் தங்கள் வழக்கை முன்னால் எடுக்கும்படி வாரியத்திடம் கேட்கலாம்.

எது நல்லது என்று என்னைக் கேட்டால், குறைவது நெக்ஸஸ் கடிதம் மட்டும்தான் என்றால் வாரியம் வரை போக வேண்டாம், சப்ளிமென்டல் கிளெய்மே வேகமான வழி. சட்டத்தையே தவறாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்றால் வாரியம்தான் சரி.

ரிமாண்ட் என்றால்

வாரியத்தின் முடிவு மூன்று விதமாக வரும்: ஏற்கிறோம், மறுக்கிறோம், ரிமாண்ட். ஒரே கடிதத்தில் மூன்றும் கலந்து வரலாம். காது இரைச்சலை ஏற்று, முதுகை மறுத்து, முழங்காலை ரிமாண்ட் செய்திருப்பார்கள்.

ரிமாண்ட் என்றால் "முடிவெடுக்கப் போதுமான விஷயம் கோப்பில் இல்லை, வி.ஏ. செய்திருக்க வேண்டிய ஒரு வேலையைச் செய்யவில்லை, திரும்பப் போய் அதைச் செய்" என்று நீதிபதி கோப்பைத் திருப்பி அனுப்புவது. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. கிளெய்ம் உயிரோடு இருக்கிறது, ஆரம்பத் தேதியும் பத்திரமாக இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் காத்திருந்துவிட்டு இப்படி ஒரு பதில் வந்தால் மனசு விட்டுப்போகும் என்பது உண்மைதான். ஆனாலும் இது மறுப்பை விட எவ்வளவோ நல்லது. காரணம், வி.ஏ. எங்கே தவறியது என்பதை இப்போது ஒரு நீதிபதி எழுத்தில் கொடுத்திருக்கிறார்.

சட்டப்படி வி.ஏ.வுக்கு உதவிக் கடமை என்று ஒன்று உண்டு. அரசு வசம் இருக்கும் ஆவணங்களைத் தேடி எடுப்பது, தேவைப்படும்போது மருத்துவப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது எல்லாம் அதில் அடக்கம். அதில் பிழை நடந்திருப்பதுதான் ரிமாண்டுக்கு வழக்கமான காரணம். பிழைகள் பெரும்பாலும் இப்படி இருக்கும். பரிசோதனையே வைக்காமல் மறுத்திருப்பார்கள். அல்லது மருத்துவர், "பணிக்கால மருத்துவக் குறிப்பில் முழங்கால் வலி பதிவாகவில்லை, அதனால் தொடர்பில்லை" என்று ஒரே வரியில் முடித்திருப்பார். வலி இருந்தது என்று வீரரும் நண்பரும் சொன்னதைக் கண்டுகொண்டிருக்க மாட்டார். அல்லது ஏற்கெனவே ஏற்கப்பட்ட முழங்கால் பாதிப்பால் இடுப்பு வலி வந்தது என்று கிளெய்ம் போட்டிருப்பார்கள். மருத்துவர் "முழங்கால் இடுப்பு வலியை உண்டாக்கவில்லை" என்று எழுதி நிறுத்தியிருப்பார். "ஏற்கெனவே இருந்த இடுப்பு வலியை மோசமாக்கியதா" என்ற இரண்டாவது கேள்விக்குப் பதிலே இருக்காது. இந்தக் கடைசிப் பிழை அடிக்கடி வருவது. உங்கள் அறிக்கையில் இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரிமாண்ட் கடிதத்தை எப்படிப் படிப்பது

முதல் பக்கத்தில் எது ஏற்கப்பட்டது, எது மறுக்கப்பட்டது, எது ரிமாண்ட் என்பது இருக்கும். பிறகு காரணங்கள். இறுதிப் பகுதிக்கு நேராகப் போங்கள். அங்கே, கீழ்க்கண்ட நடவடிக்கைகளுக்காகத் திருப்பி அனுப்பப்படுகிறது என்று சொல்லி, 1, 2, 3 என்று எண் போட்டு உத்தரவுகள் இருக்கும். "2015 முதல் உள்ள மருத்துவமனைக் குறிப்புகளைப் பெறுக", "எலும்பு மருத்துவரிடம் பரிசோதனை ஏற்பாடு செய்க, அவர் இந்தக் கேள்விகளுக்குக் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும்" என்பது போல. இந்தப் பக்கத்தை நகல் எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் மாதங்களில் உங்களுக்கு வழிகாட்டப்போவது இதுதான்.

உத்தரவில் சொன்னதை வி.ஏ. செய்தே ஆக வேண்டும். 1998-இல் ஸ்டீகால் வழக்கில் வெட்டரன்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: ரிமாண்ட் உத்தரவு நிறைவேற்றப்படுவது வீரரின் உரிமை. எழுத்துக்கு எழுத்து இல்லாவிட்டாலும் சாராம்சத்தில் நிறைவேறியிருக்க வேண்டும். ரிமாண்டை விரைவாகக் கவனிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் இத்தனை நாளுக்குள் என்று கெடு எதுவும் இல்லை. மாதங்கள் ஆகும் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும் காலத்தில்

சும்மா இருக்காதீர்கள். தனியார் மருத்துவரின் குறிப்புகள் தேவை என்று உத்தரவில் இருந்தால், அவற்றைப் பெற வி.ஏ.வுக்கு உங்கள் அனுமதி வேண்டும், படிவம் 21-4142. அதைவிட நீங்களே வாங்கி அனுப்புவது வேகம். ரிமாண்டுக்குப் பிறகு புது ஆதாரம் சேர்க்கவும் வழி திறக்கிறது. மருத்துவரிடம் நெக்ஸஸ் கடிதம் கேட்கும்போது, நீதிபதி எழுதிய கேள்விகளையே அவரிடம் காட்டுங்கள். அவற்றுக்கு நேராகப் பதில் எழுதும் கடிதத்தை ஒதுக்குவது கடினம்.

குடும்பத்தாரின் சாட்சியத்தைக் குறைவாக நினைக்க வேண்டாம். படிவம் 21-10210 அதற்குத்தான். மனைவி நோய்க்குப் பெயர் சொல்ல முடியாது. ஆனால் இரவில் அலறி எழுகிறார், கூட்டத்துக்குள் வர மறுக்கிறார், படி இறங்கும்போது கைப்பிடியை விடுவதே இல்லை என்று கண்ணால் கண்டதைச் சொல்லலாம். ஊரில் இருக்கும் அப்பாவும் அம்மாவும்கூட, போகும்போது எப்படிப் போனான், விடுப்பில் வந்தபோது எப்படி இருந்தான் என்று எழுதலாம். தமிழில் எழுதினால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.

பரிசோதனைக்கு அழைப்பு வந்தால் தவறாமல் போக வேண்டும். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்காமல் விட்டு, அந்த நாள் கடந்துபோய், கிளெய்மே கெட்டுப்போவது நடக்கிறது. வி.ஏ.வுக்காகப் பரிசோதனை செய்யும் ஒப்பந்த நிறுவனங்கள் வேறு பெயரில்தான் அழைக்கும். முகவரியும் தொலைபேசி எண்ணும் மாறியிருந்தால் உடனே தெரிவியுங்கள். போக முடியாத நாள் என்றால் முன்பே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

பரிசோதனை அறையில் நம்மவர்கள் செய்யும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மருத்துவர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்றதும் மரியாதைக்கு "நல்லா இருக்கேன், பரவாயில்லை" என்கிறோம். அது அப்படியே அறிக்கையில் ஏறும். ராணுவத்தில் வலியைக் காட்டாமல் பழகியவர்களுக்கு இது இன்னும் கடினம். மிகைப்படுத்தச் சொல்லவில்லை. மோசமான நாள் எப்படி இருக்கும், அது மாதத்தில் எத்தனை முறை வரும், அன்றைக்கு எதைச் செய்ய முடியாது என்று உள்ளதைச் சொல்லுங்கள். காலை எவ்வளவு மடக்கினால் வலி தொடங்குகிறது என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு முழுசாக மடக்கிக் காட்டாதீர்கள். மனநலம் தொடர்பான கிளெய்மில் இது இன்னும் முக்கியம். வீட்டில்கூடச் சொல்லாததை முன்பின் தெரியாத மருத்துவரிடம் சொல்வது எளிதல்ல, தெரியும். ஆனாலும் சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போது வந்தாலும் கிளெய்ம், காகிதம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்துங்கள். வெட்டரன்களுக்கென்றே அங்கே ஆள் இருப்பார்கள், எந்த நேரமும்.

பரிசோதனை முடிந்ததும் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, உத்தரவுப் பக்கத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். நீதிபதி மூன்று கேள்வி கேட்டு மருத்துவர் இரண்டுக்குத்தான் பதில் எழுதியிருந்தால், புது முடிவு வரும் வரை பேசாமல் இருக்காதீர்கள். எந்த உத்தரவு நிறைவேறவில்லை என்று எண் குறிப்பிட்டு, பிரதிநிதி மூலம் எழுதிப் போடுங்கள்.

ரிமாண்டுக்குப் பிறகு கோப்பு எங்கே போகும்

இதில்தான் அதிகம் பேர் ஏமாந்துபோகிறார்கள். 2019-க்கு முந்தைய பழைய முறையில் இருக்கும் வழக்கு என்றால், வி.ஏ. உத்தரவுகளை முடித்துவிட்டு, மறுபடி மறுத்தால் ஒரு விளக்க அறிக்கை அனுப்பும். பதில் சொல்ல 30 நாள் தரும். அப்புறம் கோப்பு தானாகவே வாரியத்துக்குத் திரும்பிப் போகும். புதிய முறையில் அப்படிப் போகாது. வி.ஏ. புதிதாக ஒரு முடிவு எழுதி உங்களுக்கு அனுப்பும், அத்தோடு அதன் வேலை முடிந்தது. அது மறுப்பாக இருந்தாலோ, ஏற்றும் ரேட்டிங் குறைவாக இருந்தாலோ, அந்தக் கடிதத் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மூன்று வழிகளில் ஒன்றை மறுபடி நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். "வாரியம் பார்த்துக்கொண்டிருக்கிறது" என்று நினைத்துச் சும்மா இருந்தால் ஆரம்பத் தேதி கைவிட்டுப் போய்விடும்.

வாரியத்தின் கடிதத்தில் மறுக்கப்பட்ட பகுதிகளுக்குத் தனிக் கணக்கு. வாரியம் மறுத்ததை வெட்டரன்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக 120 நாள்தான் அவகாசம். புது ஆதாரம் இருந்தால் ஓராண்டுக்குள் சப்ளிமென்டல் கிளெய்ம் போடலாம். ரிமாண்ட் ஆன பகுதி இறுதி முடிவு இல்லை என்பதால் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஒரே கடிதத்தில் இரண்டும் இருக்கும்போது, ரிமாண்டின் முடிவு வரட்டும் என்று காத்திருந்து 120 நாளைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. கடிதம் வந்த அன்றே ஒவ்வொரு நோய்க்கும் எதிரே அதற்குரிய கடைசித் தேதியை எழுதி வையுங்கள்.

நீதிமன்றத்திலிருந்தும் ரிமாண்ட் வரும். அங்கே வி.ஏ.வின் வழக்கறிஞரும் உங்கள் வழக்கறிஞரும் சேர்ந்தே "வாரியம் தவறிவிட்டது, திருப்பி அனுப்புங்கள்" என்று ஒப்புக்கொள்வது வழக்கமாக நடப்பதுதான். அப்படி ஒரு தாள் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கோப்பு வாரியத்துக்குத் திரும்பும், ஒப்புக்கொண்ட பிழையை வாரியம் சரிசெய்ய வேண்டும். நீதிமன்றத்தில் இப்படி வென்றால் வழக்கறிஞர் கட்டணத்தை அரசிடமிருந்தே பெற சட்டம் உண்டு.

ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தாலும் இரண்டு விஷயத்தைச் சரிபாருங்கள்: எந்தத் தேதியிலிருந்து, எத்தனை சதவீதம். ஐம்பதும் முப்பதும் சேர்ந்தால் வி.ஏ. கணக்கில் எண்பது வராது. முதலில் ஐம்பது போக மீதி ஐம்பதில் முப்பது சதவீதம் பதினைந்து. மொத்தம் 65, அதை 70 ஆக்குவார்கள். அது அவர்களுடைய பிழை இல்லை, விதியே அப்படி. ஆனால் தேதியோ, தனி ரேட்டிங்கோ தவறாக இருந்தால் அதையும் ஓராண்டுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே வீரர் இறந்துவிட்டால் வழக்கு அதோடு போய்விட வேண்டியதில்லை. மனைவியோ கணவரோ, சட்டம் தகுதி தரும் பிள்ளையோ பெற்றோரோ, இறந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் படிவம் 21P-0847 கொடுத்து அவருடைய இடத்தில் நின்று வழக்கைத் தொடரலாம். ரிமாண்ட் உத்தரவில் சொன்ன வேலைகளை அப்போதும் வி.ஏ. முடிக்க வேண்டும், சேர வேண்டிய பாக்கி அவர்களுக்கு வரும்.